பையில் அடங்கும் பௌர்ணமி: சிறு டார்ச் குறித்த ஓர் ஆய்வேட்டின் சுருக்கம்

முன்னுரை

மனித இனம் இருட்டை வென்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள், கரண்ட் போன நேரத்தில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உருண்டுபோன மூக்குத்தித் திருகைத் தேடிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பாவை விளக்கு, தூண்டாமணி விளக்கு என நின்ற இடத்தில் எரியும் விளக்குகளுக்கு நம்மிடம் பெயரும் உண்டு, மரபும் உண்டு, வெள்ளிக்கிழமை புளி போட்டுத் துலக்க ஆளும் உண்டு. கூடவே நடந்து வரும் விளக்குக்கு மட்டும் ஒன்றுமில்லை. அது இழுப்பறையில், காலாவதியான மாத்திரைகளுக்கும் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகளுக்கும் நடுவே கிடக்கிறது. இக்குறையைக் களையும் பொருட்டு, விரல் நீளமுள்ள, எல்இடி பொருத்திய, அன்றாடம் உடன் வைத்துக்கொள்ளத்தக்க சிறு டார்ச்சுகளை இவ்வேடு ஆராய்கிறது.

கருதுகோளும் எல்லையும்

கருதுகோள் ஒன்றே: ஒரு டார்ச்சின் தகுதியைத் தீர்மானிப்பது, கரண்ட் போன நொடியில் அதற்கும் நம் கைக்கும் இடையே உள்ள தூரம். வெளிச்சம் அதற்குப் பிறகே வரும்.

மூன்று கட்டை, ஐந்து கட்டை டார்ச்சுகள் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவை பாதி விளக்கு, பாதி ஆயுதம்; தோட்டக் காவலுக்கு அவற்றை ஏந்துவோர் ஒளியைவிட எடையையே அதிகம் நம்புகிறார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் மக்கள் நீதி மய்யத்துக்கு ஒதுக்கப்பட்ட டார்ச், தேர்தல் ஆணையத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. அதைத் தொட ஆய்வாளருக்கு அதிகாரமில்லை. நெறியாளராக அமைந்தவர் ஆய்வாளரின் மனைவி. ஆய்வு தொடங்குமுன்பே முடிவு தமக்குத் தெரியும் என்று அறிவித்தவரும் அவரே.

இயல் 1: வரலாறு

1899 ஜனவரி 10 அன்று டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்கக் காப்புரிமை ஒன்று கிடைத்தது. ஒரு குழாய், அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கட்டைகள், முனையில் பல்பு, அதைச் சூழ்ந்து ஒளியைத் திருப்பும் கிண்ணம். நூற்றாண்டு கடந்தும் இந்த அமைப்பில் பெரிய திருத்தம் இல்லை. முதன்மையாக மாறியது பல்பே. இழை பல்பு ஒரு வாட் மின்சாரத்துக்குப் பத்து லூமென் தருவதற்கே திணறும்; நல்ல எல்இடி நூறை எளிதில் தாண்டும்.

சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-இல் எரியவைத்தார். பளிச்சென்ற நீலம் வாய்க்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலத்துக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதற்குச் சான்று நம் பையிலேயே இருக்கிறது. அணைந்திருக்கும் டார்ச்சின் கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மஞ்சள் சதுரம் தெரியும். அதன் அடியில் பிறப்பது நீல ஒளி. மஞ்சள் பூச்சு அதில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து வெளியே வரும்போது நாம் வெள்ளை என்கிறோம். தேர்தல் கூட்டணி போலத்தான்: வெளியே ஒரே நிறம், உள்ளே தொகுதிப் பங்கீடு.

பங்கீட்டில் நீலம் ஓங்கினால் 6500 கெல்வின் அளவிலான குளிர்வெள்ளை வரும். அந்த ஒளியில் ரசமும் புளிக்குழம்பும் ஒன்றுபோல் தெரியும்; சுவிட்சுப் பெட்டியைத் திறந்தவருக்குச் சிவப்பு ஒயரும் பிரவுன் ஒயரும் ஒன்றுபோல் தெரியும். முன்னது சுவைப் பிழை, பின்னது உயிர்ப் பிழை. 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ளதும், நிறங்காட்டும் குறியீடு 90-க்கு மேல் உள்ளதுமான டார்ச் வாங்குவோர் இரண்டிலிருந்தும் தப்புவர்.

இயல் 2: இருப்பிடம்

டார்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதில் நம் வீடுகளில் நான்கு கொள்கையினர் உளர்.

ஃப்ரிட்ஜ் மேல் வைப்போர் முதலாமவர். எளிதில் எட்டும் என்பது அவர்கள் வாதம். அதே எளிமையால் மின்கட்டண அட்டை, கல்யாணப் பத்திரிகை, ரப்பர் பேண்டு உருண்டை ஆகியவையும் அங்கேயே வந்து குவிவதால் இக்கொள்கை மறுக்கப்படுகிறது. சாமி அறையில் வைப்போர் இரண்டாமவர். அங்கே விளக்கும் தீப்பெட்டியும் முன்பே இருப்பதால், டார்ச் கிடைப்பதற்குள் வெளிச்சம் கிடைத்துவிடும். எனவே அதுவும் பொருந்தாது என்க. டிவி ஸ்டாண்டு இழுப்பறை மூன்றாம் கொள்கை. இழுப்பறைக்குள் கிடக்கும் பழைய ரிமோட்டுகள் தொட்டால் டார்ச் போலவே இருப்பதால், பெரியவர்கள் இருட்டில் நின்று செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்கும் அவலம் இதனால் நேர்கிறது. கதவோரம் ஆணி அடித்துக் கயிற்றில் தொங்கவிடுவோர் நான்காமவர். நான்கில் இதுவே மேலானது. ஆனால் அதே வாரத்தில் அந்த ஆணியில் ஹெல்மெட் தொங்கும்.

நான்கு கொள்கைக்கும் பொதுவான குற்றம் ஒன்று உண்டு. இருட்டில் டார்ச்சைக் கண்டுபிடிக்க டார்ச் வேண்டும். இதைத் 'தேடல் முரண்' என இவ்வேடு வழங்குகிறது. களத்தில் பதிவான உரையாடல் பின்வருமாறு:

"ஏங்க, டார்ச் எங்க?"

"நீதானே பரண்ல என்னமோ தேட எடுத்தே?"

"நான் எடுத்தா எடுத்த எடத்துல வெச்சுடுவேன்."

"டேய் தம்பி, நீ எடுத்தியா?"

"அப்பா, அதுல பேட்டரியே இல்ல. கடிகாரத்துக்குப் போட்டாச்சு."

முரண் நீங்க ஒரே வழி, டார்ச்சை உடம்போடு வைத்திருப்பது. இங்கே உடை குறித்த சிக்கல் எழுகிறது. பேண்ட்டில் பை உண்டு. கிளிப் வைத்த டார்ச்சைப் பேனாவைப் போல் விளிம்பில் மாட்டிவிடலாம். வேட்டிக்குப் பை இல்லை என்றாலும் மடி உண்டு. ஆனால் மடியிலிருப்பது எழுந்து நிற்கும்போது முதலில் கீழே விழும். ஆகவே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் அலுமினிய உடல் வேட்டியருக்கு இன்றியமையாதது. புடவைக்கும் நைட்டிக்கும் பை வைக்காத தையல் உலகின் ஓரவஞ்சனை தனி ஆய்வுக்குரியது. இருட்டில் அடுப்படிக்குள் முதலில் நுழைய வேண்டியவருக்கே பை இல்லை. இந்நிலையில் சாவிக்கொத்தில் தொங்கும் டார்ச்சே அவர்களுக்கு விடை. இடுப்பில் கொத்து செருகும் வழக்கம் இதற்கு எப்போதோ வழிவகுத்துவிட்டது.

செல்போனில் டார்ச் இருக்க வேறொன்று எதற்கு என்பாரும் உளர். அவர் வாதத்துக்கு வரலாற்று வலு உண்டு. 2003-இல் வந்த நோக்கியா 1100 தலையில் விளக்கோடு பிறந்தது. அந்த நிறுவனம் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலையே திறந்தது. ஆயினும் இன்றைய போன் உள்ளங்கை அகலப் பலகை. அதை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் ஃபியூஸ் மாற்ற முடியாது. அதன் ஒளி பரவுமே தவிரப் பாயாது. கிணற்றுக்குள் காட்டினால் நம் கைதான் தெரியும். கரண்ட் போன மறுநிமிடம் ஊரே அதில்தான் "உங்க பக்கமும் போயிடுச்சா?" என்று விசாரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிலுக்கு அடியில் விழுந்தது போனாகவே இருந்துவிட்டால், கட்சி அங்கேயே தோற்றது.

இயல் 3: அளவை

டார்ச் அட்டையில் அச்சாகும் எண்களுக்குப் பொருள் கூற எஃப்எல்1 என்னும் அமெரிக்கத் தரநிலை 2009-இல் வந்தது. அதன்படி, 'ஒளி எட்டும் தூரம்' என்பது கால் லக்ஸ் வெளிச்சம் விழும் கடைசி இடம். கால் லக்ஸ் என்பது மேகமில்லாத பௌர்ணமி இரவில் தரையில் விழும் நிலா வெளிச்சம். எனவே 200 மீட்டர் என்று அட்டையில் இருந்தால், அத்தனை தொலைவில் இந்த டார்ச் ஒரு பௌர்ணமியை உண்டாக்கும் என்றே கொள்ள வேண்டும். நிலா வெளிச்சத்தில் 200 மீட்டர் தள்ளி நிற்பவர் மாமாவா மச்சானா என்று சொல்லத்தக்க கண் படைத்தவர்க்கே அந்த எண்ணால் பயன். மற்றவர்கள் அதைப் பாதியாக்கிக்கொள்வது நலம்.

'எரியும் நேரம்' இன்னும் நுட்பமானது. டார்ச்சை ஏற்றி 30 நொடி கழித்து முதல் அளவு எடுப்பார்கள். ஒளி அதில் பத்தில் ஒன்றாகச் சுருங்கும் வரை ஓடுவதெல்லாம் எரியும் நேரமே. ஆயிரம் லூமெனில் தொடங்கி, சில நிமிடத்தில் சூடு தாங்காமல் 150-க்கு இறங்கி, அங்கேயே இரண்டு மணி நேரம் கிடந்தாலும், '1000 லூமென், 2 மணி' என்று அச்சிடத் தடையில்லை. பொய் ஒன்றுமில்லை, உண்மையும் அவ்வளவாக இல்லை.

பிளாட்பாரக் கடையில் '10000 லூமென்' என்று பொறித்த விரல் நீள டார்ச்சுகளை மறுக்க ஆய்வகம் வேண்டாம், கணக்கு போதும். நல்ல 18650 லித்தியம் செல் ஒன்றில் சுமார் 11 வாட்-மணி மின்சாரம் இருக்கும். வாட்டுக்கு நூறு லூமென் என்று தாராளமாக வைத்தாலும் 10000 லூமெனுக்கு நூறு வாட் வேண்டும். செல் ஏழு நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் நூறு வாட் சூட்டில் டார்ச்சைப் பிடித்திருக்கும் கை அதை விட்டுவிடும். செல்லின் மேல் 9900 எம்ஏஎச் என்று இருந்தால் அது அளவு அன்று, ஆசை. இந்த அளவுள்ள செல்லில் நாலாயிரத்தைத் தாண்டச் சொல்பவரையே ஐயுற வேண்டும்.

தேவை எவ்வளவு? ஒரு மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லூமென். அதன் துணையோடுதான் நம்மில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. நள்ளிரவில் பாத்ரூம் போக ஒரு லூமென் மிகை. கண் முழுமையாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். 500 லூமெனை ஒரு நொடி அடித்தால் அத்தனையும் வீண். வீட்டுக்குள் நடமாட 20, தெருவில் நடக்க 100, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க 300. இதற்கு மேல் வேண்டுவோர் தமக்காக வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்காக வாங்குகிறார்கள். ஆதலின் டார்ச் வாங்கும்போது அதன் உச்ச ஒளியைக் கேட்பது பாமரர் வழக்கு. அடி ஒளியைக் கேட்பதே அறிவுடையோர் வழக்கு.

இயல் 4: செல்

செல் எண்கள் சங்கேதம் போலத் தோன்றினாலும் பொருள் எளியது. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சாவிக்கொத்து டார்ச்சில் இருக்கும் காசு போன்ற செல் இதுவே. குழந்தைகள் விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடக்கூடியது. சிறு குழந்தையுள்ள வீட்டில் திருகாணி போட்டு மூடிய டார்ச்சே ஏற்புடைத்து. இவ்விடத்தில் ஆய்வாளர் விளையாடவில்லை.

அன்றாட டார்ச்சுக்கு எந்த செல் என்பதில் இரு கட்சி. சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல்லே மேல் என்பார் ஒரு சாரார்; யுஎஸ்பி வயரைச் செருகினால் போதும், ஒளியும் அதிகம். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் செல்லே மேல் என்பார் மற்றொரு சாரார். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் ஏற்ற வழியின்றிக் கிடந்த லித்தியத்தைக் காட்டிலும், கடைக்காரர் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த பென்சில் செல் உயர்ந்தது என்பது அவர் துணிபு. பையில் லித்தியம், வீட்டில் பென்சில் செல் என இரண்டும் வைத்திருப்பதே தீர்ப்பு. 14500 என்ற லித்தியம் செல்லும் பென்சில் செல்லும் உருவத்தில் இரட்டைப் பிறவி. மின்னழுத்தத்தில் ஒன்று 3.7, மற்றது 1.5. உருவம் கண்டு பென்சில் செல் டார்ச்சில் லித்தியத்தைப் போட்டால் டார்ச் ஒருமுறை மிகப் பிரகாசமாக எரிந்து விடைபெறும்.

செல் போட்டு மறந்துவிடுவது அடுத்த குற்றம். ஓராண்டு கழித்துத் திறந்தால் வில்கம்பி மேல் வெள்ளை உப்பு பூத்திருக்கும். அல்கலைன் செல் கக்கிய காரத்துக்கு அமிலமே மருந்து: காது குடையும் பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தொட்டுத் துடைத்து, உலர்த்தி, மீண்டும் போட்டால் பெரும்பாலும் உயிர் வரும்.

டார்ச்சின் பின்பக்கத்தில் ஓங்கித் தட்டும் மரபை மூடநம்பிக்கை எனத் தள்ள முடியாது. செல்முனைக்கும் வில்கம்பிக்கும் இடையே படிந்த ஆக்சைடு மின்சாரத்தை மறிக்கிறது. அதிர்வில் முனை சற்று நகர்ந்து புதிய இடத்தைத் தொடுகிறது. தட்டுவதில் அறிவியல் உண்டு. தட்டும்போது திட்டுவதில் உண்டா என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

இயல் 5: பட்டன்

பழைய டார்ச்சில் முன்னே தள்ளினால் எரியும், பின்னே இழுத்தால் அணையும். இன்றைய டார்ச்சுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் வேண்டியிருக்கிறது. ஒருமுறை அமுக்கினால் நடுத்தரம், இருமுறை அமுக்கினால் உச்சம், அமுக்கியே பிடித்தால் நிலவொளி, நான்கு முறை அமுக்கினால் பூட்டு. பாட்டி கையில் கொடுத்தால் ஐந்தாவதாக ஒன்று பிறக்கும்.

மலிவான டார்ச்சுகளில் அணைப்பதற்குமுன் மின்னி மின்னி எரியும் நிலையைக் கடந்தாக வேண்டும். இதனால் கரண்ட் வந்த ஒவ்வொரு முறையும் வரவேற்பறை சில நொடி பாட்டுக் கச்சேரி மேடையாகிறது. எஸ்ஓஎஸ் என்ற நிலையும் உண்டு: மூன்று குறுகிய மின்னல், மூன்று நீண்டது, மீண்டும் மூன்று குறுகியது. நடுக்கடலில் உயிர் காக்கும். நம் தெருவில் அதைப் பார்ப்பவர், டார்ச்சில் கோளாறு என்று பின்னால் தட்டச் சொல்வார்.

பைக்குள் தானே எரிந்து தொடையைச் சுடும் விபத்தைத் தடுக்க எளிய வழி: அடிமூடியைக் கால் சுற்றுத் திருகித் தளர்த்திவிடுங்கள். நல்ல டார்ச்சில் மரைமேல் மின்கடத்தாப் பூச்சு இருப்பதால் சுற்று முறிந்துவிடும்.

இயல் 6: திணை

டார்ச் அடிக்கும் முறை நிலத்துக்கு நிலம் வேறுபடும்.

குறிஞ்சி: பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி ஏழுமலை ஏறுவோர் இரவிலேயே புறப்படுகிறார்கள். ஒரு கையில் மூங்கில் தடி. மறு கை டார்ச்சுக்கென்றே பிறந்தது. இங்கே நெற்றியில் கட்டும் டார்ச் சிறப்பு. குற்றம், பின்னால் வருபவர் "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்கத் திரும்பியதும் அவர் குருடாவது.

முல்லை: மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டிய மல்லிகைத் தோட்டங்களில், விடியுமுன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இரு கையும் பூவுக்கு. லூமென் பற்றி வாதிடாத ஒரே டார்ச் அறிஞர்கள் இவர்களே.

மருதம்: மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் ஊர்களில் மோட்டார் போட வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் திரிவது. அது கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து, அடுத்த அடி வைக்கும் இடத்தில் ஒளி சாய்வாக விழச் செய்க. சாய்ந்த ஒளியில் சிறு மேடும் நிழல் வீசும். கிடப்பது கயிறா வேறா என்பது விளங்கும்.

நெய்தல்: இங்கே டார்ச்சை அணைப்பதே இலக்கணம். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்தில், 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காக்கிறது. பொரித்த குஞ்சுகள் வெளிச்சமுள்ள திசையைக் கடல் என்று நம்பி ஓடுபவை. ஆர்வக்கோளாறில் ஒருவர் அடிக்கும் வெள்ளை ஒளி அவற்றைச் சாலைக்கு அழைத்துவிடும்.

பாலை: குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது மரபு. அவ்வாறே கரண்ட் போனால் எந்த நிலமும் பாலை. பெரும்பொழுது வேனில், சிறுபொழுது சீரியலின் முக்கியக் கட்டம், உரிப்பொருள் பிரிவு. யாரை யார் பிரிந்தார் என்பது இயல் 2-இல் விளக்கப்பட்டது.

ஐந்து திணைக்கும் பொதுவான ஒழுக்கம் ஒன்றுண்டு. அதைத் தியேட்டரில் சீட் காட்டுபவரிடம் கற்கலாம். அவர் டார்ச் என்றும் தரையைப் பார்த்தே எரியும். டிக்கெட்டைப் பார்க்கும் நொடியிலும் விரலிடுக்கால் ஒளியை வடிகட்டுவார். முகத்தில் அடிப்பது போலீஸ் சோதனைக்கும் தொண்டை பார்க்கும் டாக்டருக்கும் மட்டுமே விதிக்கப்பட்டது. வாசலில் நிற்பவர் யார் என்று அறிய வேண்டுமா? விட்டத்தில் அடியுங்கள்; திரும்பி வரும் ஒளியில் அவர் முகமும் தெரியும், அவர் கண்ணும் பிழைக்கும்.

விதிவிலக்கு: கேஸ் வாடை வந்தால் எந்த டார்ச்சும் வேண்டாம், எந்தப் பட்டனையும் தொட வேண்டாம். சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வருக.

முடிவுகள்

விரல் நீளம், ஒற்றைச் செல், அடி ஒளி ஒரு லூமெனுக்குக் குறைவு, உச்சம் 300-க்குச் சற்று மேல், கிளிப், மழையில் நனைந்தாலும் தாங்கும் ஐபிஎக்ஸ்4-க்குக் குறையாத காப்பு, வாளிக்குள் விழும் வாய்ப்புள்ளோர்க்கு ஐபிஎக்ஸ்7, மின்னும் நிலையைக் கடக்காமலே அணையும் பட்டன். இவை அமைந்தது தலையாய டார்ச். இவற்றில் ஒன்றும் அமையாவிட்டாலும், கரண்ட் போன நொடியில் பையில் இருந்தது அதனினும் தலையாயது. கருதுகோள் நிறுவப்பட்டது.

மேலாய்வுக்கு உரியன

தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்தால் சிறிது உயிர்க்கும் விந்தையும், அதே வெயிலில் காயும் வடகத்துக்கு இடம் விடும் முறையும், இரவல் போன டார்ச்சுகளின் மறுவாழ்வு, கரண்ட் வந்ததும் வீடே "வந்துடுச்சு!" என்று கூவி அவரவர் வேலைக்குத் திரும்பிவிட, அணைக்கப்படாமல் விடியும் வரை சுவரைப் பார்த்து எரிந்து தீரும் டார்ச்சை அணைத்திருக்க வேண்டியவர் யார் என்பது.

கடைசித் தலைப்பை நெறியாளர் ஏற்கவில்லை. அது முன்பே நிறுவப்பட்ட ஒன்று, புதிதாக ஆராய எதுவுமில்லை என்பது அவர் கருத்து.